முதலும் வருமானமும்: ஆல்பர்ட்டாவின் எண்ணெய், அரசியல், சமுதாயம்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்குக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மண்ணுக்கடியில் கிடைத்த செல்வத்தை ஒரு ஜனநாயகச் சமுதாயம் எப்படிக் கையாண்டது என்பதற்கு முக்கால் நூற்றாண்டுப் பதிவு அங்கே இருக்கிறது. எண்ணெய் வளம் கெடுத்த நாடுகளைப் பற்றிப் பேசும்போது கொடுங்கோலர்களையும் கொள்ளையர்களையும் காரணம் காட்டுவது வழக்கம். ஆல்பர்ட்டாவில் அந்தச் சமாதானம் எடுபடாது. அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றன. நீதிமன்றங்கள் சுதந்திரமாக இயங்குகின்றன. அரசின் கணக்குகள் ஆண்டுதோறும் அச்சேறுகின்றன. படித்தவர்களும் நல்லவர்களும் திறமையானவர்களும் ஆண்ட இடம் அது. அப்படிப்பட்ட இடத்திலேயே ஒரு பெரிய வாய்ப்பு கைநழுவியது என்றால், அதன் காரணத்தை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும்.

நான் சொல்லவிருப்பதன் சாரம் இதுதான். பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒரு சமுதாயத்தின் முதல். அதை வருமானமாக எண்ணிச் செலவிடத் தொடங்கினால் கருவூலத்தோடு கேடு நிற்பதில்லை. ஆள்வோருக்கும் குடிமக்களுக்கும் இடையே, இன்று வாழ்வோருக்கும் நாளை பிறப்போருக்கும் இடையே, பயன்பெறுவோருக்கும் பாரம் சுமப்போருக்கும் இடையே இருக்க வேண்டிய கணக்கு முழுவதும் குலைந்துபோகிறது.

வறட்சியிலிருந்து எண்ணெய்க்கு

ஆல்பர்ட்டாவின் பரப்பு 6,61,848 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 42.6 லட்சம். மேற்கே ராக்கி மலைத்தொடர். தெற்கே கோதுமை வயல்களும் மேய்ச்சல் நிலங்களும். வடக்கே ஊசியிலைக் காடுகள். தலைநகர் எட்மன்டன். எண்ணெய் நிறுவனங்களின் தலைமையகங்கள் இருப்பது கால்கரியில்.

1905இல் இந்த மாகாணம் உருவானபோது நிலமும் கனிமமும் ஒட்டாவாவிலுள்ள மைய அரசின் கையிலேயே இருந்தன. பழைய மாகாணங்களுக்கு இருந்த இயற்கைவள உரிமை, சமவெளி மாகாணங்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1930இல்தான் அது கைமாறியது. அதற்கு முன்பே மைய அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்த பூர்வகுடி மக்களை அந்தக் கைமாற்றத்தின்போது யாரும் கலந்து பேசவில்லை. பின்னால் வரும் பல பிணக்குகளின் வேர் இந்த இரண்டு செய்திகளிலும் இருக்கிறது.

உரிமை வந்த நேரத்தில் பெருமந்தமும் வறட்சியும் சேர்ந்து வந்தன. கோதுமை விலை விழுந்தது. வயல்களில் புழுதி பறந்தது. 1935இல் வானொலிப் பிரசங்கத்தால் பெயர்பெற்ற பள்ளித் தலைமையாசிரியர் வில்லியம் அபெர்ஹார்ட், வயதுவந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 25 டாலர் தருவதாக வாக்களித்து ஆட்சியைப் பிடித்தார். அவருடைய சமூகக் கடன் கட்சியால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. 1936இல் மாகாணம் தன் கடன் பத்திரங்களுக்கே பணம் கட்ட முடியாமல் நின்றது. கனடாவில் வேறெந்த மாகாணத்துக்கும் அந்த நிலை வந்ததில்லை. ஆல்பர்ட்டாவின் அரசியல் மனத்தில் இந்த வறுமையின் நினைவும், கிழக்கிலுள்ள வங்கிகள் மீதும் ஒட்டாவாவின் மீதும் கொண்ட கசப்பும் ஆழப் பதிந்தன.

1947 பிப்ரவரி 13 அன்று எல்லாம் மாறியது. எட்மன்டனுக்குத் தென்மேற்கே லெடியூக் என்ற இடத்தில் இம்பீரியல் ஆயில் நிறுவனத்தின் கிணற்றில் எண்ணெய் பொங்கியது. அதற்கு முன் அந்த நிறுவனம் தோண்டிய 133 கிணறுகள் வறண்டு போயிருந்தன. அன்று முதல்வராக இருந்தவர் எர்னஸ்ட் மேனிங். 1943 முதல் 1968 வரை 25 ஆண்டுகள் ஆண்ட அவர், எண்ணெய்ப் பணத்தில் சாலைகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டினார். நிறுவனங்களை வரவழைக்க வேண்டிய காலம் என்பதால், எடுக்கும் எண்ணெய்க்கு அவை அரசுக்குத் தரும் ராயல்டி ஆறில் ஒரு பங்கைத் தாண்டாது என்று உறுதி கொடுத்தார். மாகாணத்தின் கனிம உரிமையில் ஐந்தில் நான்கு பங்கு அரசுக்கு, அதாவது மக்களுக்கு, சொந்தம். ஆனாலும் நிறுவனங்கள் கொடுத்ததை நன்றியோடு வாங்கிக்கொள்ளும் மனநிலையே அன்று நிலவியது.

உரிமையாளர் என்ற நினைப்பு

அந்த மனநிலையை மாற்றியவர் பீட்டர் லாஹீட். 1971இல், சமூகக் கடன் கட்சியின் 36 ஆண்டு ஆட்சியை முடித்து, முற்போக்குப் பழமைவாதக் கட்சியின் சார்பில் முதல்வரானார். அவருடைய குடும்பமும் பெருமந்தத்தில் செல்வத்தை இழந்த குடும்பம்தான். எண்ணெய்க்கு மக்கள்தான் உரிமையாளர்கள், அவர்கள் உரிமையாளர்களைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஓயாமல் வலியுறுத்திய கருத்து. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பன்மடங்கு ஏறியபோது மேனிங் காலத்து வரம்பை உடைத்து ராயல்டியை உயர்த்தினார். நிறுவனங்கள் வெளியேறிவிடுவோம் என்று மிரட்டியும் பின்வாங்கவில்லை. 1974இல், எண்ணெய் மணல் எனப்படும் தார் கலந்த மணலின் ஆராய்ச்சிக்கென்றே ஓர் அரசு அமைப்பை உருவாக்கினார். மண்ணைத் தோண்டாமல் நீராவியைச் செலுத்தி ஆழத்திலுள்ள எண்ணெயை இளக்கி எடுக்கும் முறை, அந்த அமைப்பு கொடுத்த ஊக்கத்தால்தான் செயல்முறைக்கு வந்தது. தனியார் தொழில்முனைவின் கோட்டை என்று பெயர்பெற்ற ஆல்பர்ட்டாவில் இன்றைய எண்ணெய் மணல் தொழிலுக்கு அடித்தளம் போட்டதில் பொதுப்பணத்துக்குப் பெரும்பங்கு உண்டு. சின்குரூட் என்ற எண்ணெய் மணல் திட்டத்திலிருந்து ஒரு கூட்டாளி நிறுவனம் விலகியபோது, 1975இல் ஒட்டாவா, ஆல்பர்ட்டா, ஒன்டாரியோ ஆகிய மூன்று அரசுகள் பங்கு வாங்கித்தான் அதைக் காப்பாற்றின.

லாஹீடின் மிகப் பெரிய சாதனை 1976இல் அவர் நிறுவிய ஆல்பர்ட்டா மரபுச் சேமிப்பு நிதியம். 150 கோடி டாலர் தொடக்க முதலோடு, ஆண்டுதோறும் வரும் கனிம வருவாயில் 30 விழுக்காடு அதில் சேர வேண்டும் என்று சட்டம் வகுத்தது. தீர்ந்துபோகும் எண்ணெயைத் தீராத நிதியாக மாற்றி வைப்பது அதன் நோக்கம்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. சோழர் காலக் கோயில்களில் நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவார்கள். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டில் எழுதிவைத்தார்கள். ஆடுகள் மூப்படையும், சாகும். ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, கிடைக்கும் நெய்யைக் கொண்டு மட்டும் விளக்கெரிக்க வேண்டும். இன்று நாம் கூடியிருக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவும் அதே ஒழுங்கில் நடக்கிறது. முதலை யாரும் தொடுவதில்லை என்பதனால்தான் ஆண்டுதோறும் இந்த மேடை அமைகிறது.

ஒட்டாவாவோடு மோதல்

1980 அக்டோபர் 28 அன்று பிரதமர் பியேர் ட்ரூடோவின் அரசு தேசிய எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது. கனடாவுக்குள் எண்ணெய் விலையை உலக விலைக்குக் கீழே வைத்திருப்பது, எண்ணெய் வருவாயில் மைய அரசின் பங்கைக் கூட்டுவது, கனடியர்களின் உடைமையைப் பெருக்குவது ஆகியவை அதன் குறிக்கோள்கள். ஒன்டாரியோவின் ஆலைத் தொழிலாளிக்கும் கியூபெக்கில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் குடும்பத்துக்கும் அது ஆறுதல். ஆல்பர்ட்டாவுக்கோ, தன் சொத்தைச் சந்தை விலைக்குக் கீழே கொடுக்கச் சொல்லும் கட்டளை.

லாஹீட் தொலைக்காட்சியில் தோன்றி, எண்ணெய் உற்பத்தியை மூன்று கட்டமாக நாளொன்றுக்கு 1,80,000 பீப்பாய் குறைக்கப்போவதாக அறிவித்தார். இரண்டு கட்டங்கள் நடந்தேறின. 1981 செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. 1982இல் கனடாவின் அரசியலமைப்பு மாற்றியமைக்கப்பட்டபோது, புதுப்பிக்க முடியாத இயற்கை வளங்கள் மீது மாகாணங்களுக்குள்ள அதிகாரம் 92அ பிரிவில் தெளிவாக எழுதப்பட்டது. கூட்டாட்சியில் ஒரு மாகாணம் உறுதியாக நின்று பெற்ற பெரிய வெற்றி இது.

அதே ஆண்டுகளில் வட்டி விகிதம் உச்சத்துக்கு ஏறியது. உலக எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. ஆல்பர்ட்டாவில் வேலைகள் போயின, வீடுகளின் மதிப்பு விழுந்தது. பழி பெரும்பாலும் தேசிய எரிசக்தித் திட்டத்தின் மீதே விழுந்தது. 1985இல் பிரையன் மல்ரோனியின் அரசு அதைக் கைவிட்ட பிறகும் காயம் ஆறவில்லை. ட்ரூடோ என்ற பெயரே அங்கே ஒரு தலைமுறைக்கு மேல் கசந்தது.

இந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால் அது காலப்போக்கில் எல்லாக் கேள்விக்கும் விடையாகிவிட்டது. 2021இல், பின்தங்கிய மாகாணங்களுக்கு மைய அரசு தரும் சமநிலை மானியத்தை அரசியலமைப்பிலிருந்து நீக்க வேண்டுமா என்று ஆல்பர்ட்டாவில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சுமார் 62 விழுக்காட்டினர் ஆம் என்றனர். அந்த மானியத்துக்கு ஆல்பர்ட்டா அரசின் கருவூலத்திலிருந்து ஒரு டாலரும் போவதில்லை. நாட்டிலுள்ள எல்லாரும் ஒரே விதியின்படி கட்டும் மைய வரியிலிருந்துதான் அது தரப்படுகிறது. வருமானம் அதிகமுள்ளவர்கள் ஆல்பர்ட்டாவில் அதிகம் என்பதால் அங்கிருந்து அதிக வரி போகிறது. வெளியே இருக்கும் எதிராளியைக் காட்டிக்கொண்டே இருக்கும் அரசியலுக்கு வீட்டுக்குள் கேட்க வேண்டிய கேள்வியை மறைத்துவிட முடிகிறது. மாகாணத்தின் கைக்கே வந்துசேர்ந்த பணம் எங்கே போயிற்று என்பதுதான் அந்தக் கேள்வி.

நின்றுபோன சேமிப்பு

1980களின் தொடக்கத்தில் நெருக்கடி வந்ததும் மரபு நிதியத்தின் ஆண்டு வருவாய் அன்றாடச் செலவுக்குத் திருப்பப்பட்டது. 1983இல் அதில் சேர வேண்டிய பங்கு 30 விழுக்காட்டிலிருந்து 15ஆகக் குறைக்கப்பட்டது. 1987இல் சேமிப்பே நின்றது. அப்போது நிதியத்தில் இருந்தது சுமார் 1,200 கோடி டாலர். 2000களின் நடுவில் சில ஆண்டுகள் கொஞ்சம் சேர்க்கப்பட்டது; மற்றபடி வழி அடைபட்டே இருந்தது. 2024 மார்ச்சில் அதன் மதிப்பு சுமார் 2,290 கோடி டாலர். இடைப்பட்ட காலத்தில் கனடாவின் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேலாகிவிட்டது. ஆக, 37 ஆண்டுகளில் அந்த நிதியம் உண்மையில் வளரவே இல்லை. எண்ணெய் மணல் தொழில் அசுர வளர்ச்சி கண்டது இந்த ஆண்டுகளில்தான்.

நார்வே தன் எண்ணெய் நிதியத்துக்கு 1990இல் சட்டம் இயற்றியது. முதல் தொகையை 1996இல் போட்டது. ஆல்பர்ட்டாவுக்கு இருபது ஆண்டுகள் பின்னால் வந்த நார்வேயின் நிதியம் 2024 முடிவில் 1.7 லட்சம் கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதில் ஆண்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு 2001இல் நான்கு விழுக்காடு என்று வரம்பு வகுத்தார்கள். 2017இல் அதையும் மூன்றாகக் குறைத்துக்கொண்டார்கள்.

இந்த ஒப்பீட்டில் நியாயம் தவறக் கூடாது. நார்வே தனி நாடு. எண்ணெய் மீதான முழு வரியும் அதற்கே வருகிறது. ஆல்பர்ட்டா கூட்டாட்சியின் உறுப்பு. நிறுவன வரியில் ஒரு பங்கு ஒட்டாவாவுக்குப் போகிறது. கடலடியில் ஊற்றெடுக்கும் எண்ணெயைவிட மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனமான எண்ணெய்க்குச் செலவு அதிகம், விலை குறைவு. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் இவற்றால் விளக்க முடியாத பள்ளம் ஒன்று எஞ்சி நிற்கிறது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் ஆகும் செலவை நார்வே தன் மக்களிடம் வரியாகவே வாங்குகிறது. அங்கே பொது விற்பனை வரி 25 விழுக்காடு. கனடாவின் பத்து மாகாணங்களில் மாகாண விற்பனை வரி இல்லாதது ஆல்பர்ட்டா ஒன்றுதான்.

வரி கேளாத அரசு

1992இல் முதல்வரான ரால்ஃப் கிளைன், கடன் சுமையைக் காரணம் காட்டி அரசுச் செலவைக் கடுமையாக வெட்டினார். அரசு ஊழியர்களின் ஊதியம் ஐந்து விழுக்காடு குறைக்கப்பட்டது. 1998 அக்டோபரில் கால்கரி பொது மருத்துவமனைக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பொது விற்பனை வரி கொண்டுவர வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 1995இல் சட்டம் இயற்றப்பட்டது. 2001இல் வருமான வரி எல்லாருக்கும் ஒரே பத்து விழுக்காடு ஆனது. பிறகு எண்ணெய், எரிவாயு விலைகள் ஏறின. 2004இல் கடன் தீர்ந்துவிட்டதாக அறிவித்தார். 2006 தொடக்கத்தில் ஏறத்தாழ ஒவ்வொரு குடிமகனுக்கும் 400 டாலர் காசோலை வந்தது. மொத்தச் செலவு சுமார் 140 கோடி டாலர். எழுபது ஆண்டுகளுக்கு முன் அபெர்ஹார்ட் வாக்களித்துத் தர முடியாமல் போனதை எண்ணெய் ஒரு முறை தந்தது.

பணம் வந்த ஆண்டுகளில் வரி குறைந்தது, செலவு ஏறியது. விலை விழுந்த ஆண்டுகளில் ஆசிரியர்களும் செவிலியர்களும் விலை கொடுத்தார்கள். கனிம வருவாயின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 2014–15இல் சுமார் 890 கோடி டாலர். அடுத்த ஆண்டே 280 கோடி. 2020–21இல் 310 கோடி. இரண்டே ஆண்டுகளில், 2022–23இல், 2,520 கோடி. 2024 வரவுசெலவுத் திட்டத்தின் கணக்குப்படி, ஒரு பீப்பாய் எண்ணெயின் சராசரி விலை ஒரு டாலர் சரிந்தால் மாகாணத்துக்கு 63 கோடி டாலர் இழப்பு. ரியாத்திலும் மாஸ்கோவிலும் எடுக்கும் முடிவுகளால் எட்மன்டன் பள்ளியின் வகுப்பறையில் எத்தனை குழந்தைகள் உட்காருவார்கள் என்பது மாறுகிறது.

இதில் அரசியல் நோய் ஒன்றும் இருக்கிறது. வரி கட்டுகிறவர் கணக்குக் கேட்பார். தன் பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு தேர்தலிலும் அரசை இழுத்து நிறுத்துவார். செலவில் பெரும்பகுதியை எண்ணெய் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் அந்தக் கேள்வி மழுங்குகிறது. 1971 முதல் 2015 வரை ஒரே கட்சி 44 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 2015இல் விலை சரிந்து கருவூலம் வற்றியபோது, இந்த நிலைக்கு யார் காரணம் என்று வானொலியில் கேட்கப்பட்டது. மக்களும் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் முதல்வர் ஜிம் பிரென்டிஸ் பதில் சொன்னார். பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி தோற்று, ரேச்சல் நாட்லியின் புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்தது. உடைமையாளர்களின் பெயரால் நாற்பது ஆண்டுகள் ஆண்டுவிட்டு, பெட்டி காலியானதும் அவர்களைக் குறை சொன்னதை மக்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் இருந்த பாதி உண்மையைக் கேட்கவும் யாரும் தயாராக இல்லை. நாட்லியும் விற்பனை வரியைத் தொடவில்லை.

நாட்லியின் ஆட்சி இன்னொன்றையும் காட்டியது. கட்சி மாறினாலும் எண்ணெயின் பிடி மாறவில்லை. கார்பன் வரியைக் கொண்டுவந்தவரும் எண்ணெய் மணலின் உமிழ்வுக்கு வரம்பு வகுத்தவரும் அவரே. கடற்கரைக்குக் குழாய் வேண்டும் என்று ஓயாமல் வாதாடியவரும் அவரே. 2018 இறுதியில் குழாய்வழிகள் போதாமல் ஆல்பர்ட்டாவின் கன எண்ணெய், அமெரிக்க எண்ணெயைவிடப் பீப்பாய்க்கு 40 அமெரிக்க டாலருக்கும் மேல் குறைவாக விலைபோனபோது, உற்பத்தியைக் குறைக்க ஆணையிட்டார். கடற்கரைக்குச் செல்லும் டிரான்ஸ் மவுன்டன் குழாயை ஒட்டாவா 2018இல் 450 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் விரிவாக்கம் சுமார் 3,400 கோடி டாலர் செலவில் 2024 மே மாதம் இயங்கத் தொடங்கியது. ஆல்பர்ட்டாவை வஞ்சிப்பதாகச் சொல்லப்பட்ட அதே மைய அரசுதான் அந்தக் குழாயை முடித்துக் கொடுத்தது.

ஆற்றின் கீழ்ப்போக்கில்

எண்ணெய் மணல் புதைந்திருக்கும் பரப்பு சுமார் 1,42,000 சதுர கிலோமீட்டர். மேலாகக் கிடப்பதைச் சுரங்கமாகத் தோண்டி எடுக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு ஏறக்குறைய இரண்டு டன் மணலை அள்ளி, வெந்நீரில் கலக்கி, தாரைப் பிரிக்கிறார்கள். 1920களில் கார்ல் கிளார்க் என்ற விஞ்ஞானி வகுத்த முறை இது. 1967இல் முதல் பெரிய ஆலை ஃபோர்ட் மக்மரிக்கு அருகே இயங்கத் தொடங்கியது. மீன்வளம் அழிந்து கடற்தொழில் நின்றுபோன நியூஃபவுன்ட்லாந்திலிருந்தும் நாட்டின் பிற மூலைகளிலிருந்தும் ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் அங்கே வந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கிழக்குக் கடற்கரை ஊர்களில் வீடுகள் எழுந்தன. 2016 மே மாதம் காட்டுத்தீ அந்த நகரைச் சூழ்ந்தபோது எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நெடுஞ்சாலை வழியாக வெளியேறினர். சுமார் 2,400 கட்டடங்கள் எரிந்தன. எண்ணெய்த் தொழிலாளரைப் பழித்துப் பேசுவோர், வேலை தேடி வந்த இந்த எளிய மக்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

மணலைக் கழுவிய நீர் நச்சுப்பொருள்களோடு கழிவுக் குளங்களில் தேங்குகிறது. 2008இல் அப்படி ஒரு குளத்தில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் மடிந்தன. குளத்தை வைத்திருந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. தோண்டிய நிலத்தைச் சீர்செய்ததற்கான முதல் அரசுச் சான்றிதழ் அதே 2008இல்தான் வழங்கப்பட்டது. தொழில் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழித்து, வெறும் 104 ஹெக்டேருக்கு.

இந்தச் சுரங்கப் பகுதி வழியாக அத்தபாஸ்கா ஆறு வடக்கு நோக்கி ஓடி ஃபோர்ட் சிப்பேவியான் ஊரை அடைகிறது. 1788இல் விலங்குத்தோல் வணிக நிலையமாகத் தோன்றிய ஊர் அது. மிக்கிசெவ் கிரீ, அத்தபாஸ்கா சிப்பேவியான், மெட்டி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். 1899இல் எட்டாவது உடன்படிக்கையில் கையெழுத்திட்டபோது வேட்டையும் மீன்பிடியும் தொடரும் என்ற உறுதி கிரீ, சிப்பேவியான் மக்களுக்குத் தரப்பட்டது. 2022இல் கியர்ல் என்ற எண்ணெய் மணல் சுரங்கத்தில் கழிவுநீர் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முழு விவரம், 2023 பிப்ரவரியில் இன்னொரு குளம் வழிந்து 53 லட்சம் லிட்டர் வெளியேறிய பின்னர்தான் அந்த மக்களுக்குத் தெரியவந்தது. ஒன்பது மாதங்கள் அவர்கள் அந்த நிலத்தில் வேட்டையாடிக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஓர் அரசு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரை எவ்வளவு தொலைவில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பூர்வகுடி மக்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாகவே காட்டுவதும் அவர்களுக்குச் செய்யும் அநீதிதான். 2017இல் ஃபோர்ட் மெக்கே, மிக்கிசெவ் கிரீ மக்கள் சுமார் 50 கோடி டாலருக்கு ஒரு பெரிய எண்ணெய்ச் சேமிப்புக் கிடங்கின் 49 விழுக்காட்டுப் பங்கை வாங்கினார்கள். 2022இல் 23 பூர்வகுடிச் சமுதாயங்கள் சேர்ந்து குழாய்வழிகளில் பங்கு வாங்கின. தங்கள் நிலத்தின் வழியாக ஓடும் செல்வத்தில் உரிமை கேட்கிறார்கள். அதே நேரத்தில் தங்கள் ஆற்றுக்குப் பாதுகாப்பும் கேட்கிறார்கள். ஃபோர்ட் சிப்பேவியானுக்குக் கோடையில் சாலை கிடையாது. குளிர்காலத்தில் பனிச்சாலை வழியே வரும் டீசலைக் கொண்டுதான் மின்சாரம் எடுத்துவந்தார்கள். 2020இல் மூன்று சமுதாயங்களும் சேர்ந்து தங்களுக்கே சொந்தமான சூரிய மின்நிலையம் ஒன்றை அங்கே இயக்கின. ஆண்டுக்கு எட்டு லட்சம் லிட்டர் டீசல் அதனால் மிச்சமாகிறது.

மூடப்படாத கிணறுகள்

தெற்கேயும் நடுவிலும் உள்ள பண்ணைகளில் வேறொரு பாரம் இருக்கிறது. நிலத்தின் மேற்பரப்பு விவசாயிக்குச் சொந்தம்; அடியிலுள்ள கனிமம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். கனிம உரிமம் பெற்ற நிறுவனம் வந்தால் விவசாயி வழிவிட்டே ஆக வேண்டும். ஆண்டு வாடகை கிடைக்கும். கிணறு வற்றி, நிறுவனமும் திவாலானால் வாடகை நிற்கும். துருப்பிடித்த குழாய் வயலில் நிற்கும். இப்படி உரிமையாளரற்றுப் போனவையும் மூடப்படாமல் கிடப்பவையுமாகப் பல்லாயிரம் கிணறுகள் உள்ளன. ஊரக நகராட்சிகளுக்கு எண்ணெய், எரிவாயு நிறுவனங்கள் வைத்த வரிப்பாக்கி 2020களின் தொடக்கத்தில் 20 கோடி டாலரைத் தாண்டியது.

2019 ஜனவரி 31 அன்று ரெட்வாட்டர் வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பை வழங்கியது. திவாலான நிறுவனத்தின் சொத்திலிருந்து முதலில் கிணறுகளைச் சுத்தம் செய்ய வேண்டும், கடன் கொடுத்தவர்களுக்கு அதன் பிறகுதான் பங்கு என்றது. ஆயினும் சொத்தே இல்லாமல் முடிந்துபோகும் நிறுவனத்திடம் தீர்ப்பால் என்ன வாங்க முடியும்? 2020இல் ஆல்பர்ட்டாவின் பழைய கிணறுகளைச் சுத்தம் செய்ய மைய அரசு 100 கோடி டாலர் வரை ஒதுக்கியது. எண்ணெய் மணல் சுரங்கங்களைச் சீர்செய்ய ஆகும் செலவு 3,000 கோடி டாலருக்கு மேல் என்று ஒழுங்குமுறை அமைப்பின் கணக்கே சொன்னது. அதற்காக வாங்கி வைத்திருந்த பிணைத்தொகை அதில் மிகச் சிறிய பங்குதான். லாபம் கணக்கில் ஏறிவிட்டது. பொறுப்பு நாளைய தலைமுறையின் தலையில் எழுதப்பட்டிருக்கிறது.

நிலக்கரியும் காற்றும்

ஆல்பர்ட்டாவால் மாற முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. 2015இல் அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியிலிருந்து வந்தது. 2030க்குள் நிறுத்துவது என்று அந்த ஆண்டு முடிவெடுத்தார்கள். ஆறு ஆண்டுகள் முந்தி, 2024 ஜூனில், நிலக்கரி மின்சாரம் முடிவுக்கு வந்தது. கார்பனுக்கு விலை வைத்ததும், எரிவாயு மலிவாகக் கிடைத்ததும், காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் பெருகியதும் இதற்குக் காரணங்கள். கனடாவின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை 1993இல் ஆல்பர்ட்டாவின் கவுலி ரிட்ஜில் அமைந்ததுதான். 465 மெகாவாட் டிராவர்ஸ் சூரிய மின்நிலையம் 2022இல் இயங்கத் தொடங்கியபோது நாட்டிலேயே மிகப் பெரியது.

இந்த வளர்ச்சியின் நடுவே, 2023 ஆகஸ்டில், முதல்வர் டேனியல் ஸ்மித்தின் அரசு புதிய புதுப்பிக்கத்தக்க மின்திட்டங்களுக்கு ஏழு மாதம் ஒப்புதல் தருவதை நிறுத்தியது. பிறகு நல்ல விளைநிலத்துக்கும் மலைக்காட்சிக்கும் பாதுகாப்பு, முடிவில் நிலத்தைச் சீர்செய்யப் பிணைத்தொகை என்ற விதிகள் வந்தன. அந்த விதிகளில் தவறில்லை. விளைநிலம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் காற்றாலைக்கு முதல் நாளிலேயே கேட்கும் பிணையை எண்ணெய்க் கிணற்றிடம் எழுபது ஆண்டுகளாகக் கேளாமல் விட்டது நீதியாகாது. ஒரே நிலத்துக்கு ஒரே சட்டம் இருக்க வேண்டும்.

முடிவுரை

லாஹீட் தம் முதுமையில், 2006 வாக்கில், எண்ணெய் மணல் வயல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாத் திட்டங்களையும் ஒரே நேரத்தில் அனுமதிப்பது தவறு, ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாகச் செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக எச்சரித்தார். அவர் கட்சியே அதைக் கேட்கவில்லை. 2012இல் அவர் மறைந்தார். ஸ்மித்தின் அரசு மரபு நிதியத்தை 2050க்குள் 25,000 கோடி டாலராக உயர்த்துவதாக இலக்கு வைத்து, அதன் வருவாயை நிதியத்திலேயே விட்டுவைக்கவும் தொடங்கியிருக்கிறது. நல்ல முடிவு; மனமார வரவேற்க வேண்டும். ஆனால் இந்த முடிவும் அடுத்த விலைச்சரிவில் சோதிக்கப்படும். 1983லும் 1987லும் தோற்றது அந்தச் சோதனையில்தான். வாக்குறுதியால் அதைக் காக்க முடியாது. அலாஸ்கா 1976இலேயே தன் நிதியத்தின் முதலை அரசியலமைப்பிலேயே எழுதிக் காத்தது போன்ற சட்டக்காப்பும், அன்றாடச் செலவுக்குத் தாங்களே வரி கட்ட ஒப்பும் குடிமக்களின் துணிவும் சேர்ந்தால்தான் அது நிற்கும்.

மாணவர்களே, நீங்கள் நாளை பொருளியல் அறிஞர்களாக, அதிகாரிகளாக, சட்டமன்ற உறுப்பினர்களாக, குறைந்தது வாக்காளர்களாக இருப்பீர்கள். எங்கேயாவது எண்ணெயோ கரியோ மணலோ தாதுவோ விற்ற பணம் ஓர் அரசின் வரவில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். அதில் எவ்வளவு முதலாகச் சேமிக்கப்பட்டது? எடுத்த இடத்தைச் சீர்செய்ய எவ்வளவு ஒதுக்கப்பட்டது? அந்த நிலத்திலும் அந்த ஆற்றங்கரையிலும் வாழ்கிறவர்களிடம் முன்கூட்டிச் சொல்லப்பட்டதா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால் அந்த அரசு உரிமையாளரின் பொறுப்போடு நடக்கிறது. கிடைக்காவிட்டால், அது எவ்வளவு செழிப்பாகத் தோன்றினாலும், பிறக்காத பிள்ளைகளின் சொத்தை விற்றுக்கொண்டிருக்கிறது.

ஆல்பர்ட்டாவிடம் இன்னும் எண்ணெய் இருக்கிறது. அறிவும் ஜனநாயகமும் இருக்கின்றன. திருத்திக்கொள்ள நேரமும் இருக்கிறது. முதலை முதலாக நடத்தும் உறுதி ஒன்றுதான் இதுவரை அங்கே குறைவாக இருந்தது. அந்த உறுதியைத் தர எந்தக் கிணற்றாலும் முடியாது. மக்கள்தான் தர வேண்டும்.